அந்த எண்ணைச் சொன்னது யார்? ஒரு டிராஃப்ட் பருவத்தின் நிகழ்வு ஆய்வு

பேஸ்பால் ஆடும் ஒரு பள்ளிப் பையனை ஒரு கிளப்புக்காக நான்கு மாதம் பின்தொடர்ந்து, ஓரளவு சரியாகவே மதிப்பிட்டு, கடைசியில் ஒரே ஒரு தப்பான எண்ணால் பட்டியலிலிருந்து தூக்கிய கதை இது. பையன், குடும்பம், கிளப் எதற்கும் பெயர் போடவில்லை, அடையாளம் தெரியக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். எந்த வருடம் என்பதும் வேண்டாம். டிராஃப்ட், அதாவது பேஸ்பால் கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களை முறை வைத்து எடுக்கும் தேர்வு, 20 சுற்றாகச் சுருங்கிய 2021க்குப் பிறகு, கல்லூரி பேஸ்பால் ஸ்காலர்ஷிப் விதிகள் மாறிய 2025க்கு முன்பு நடந்தது.

பின்னணி

நான் நியூ ஜெர்சியில் கணினி வேலை பார்க்கிறவன். சென்னையில் லீக் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதிய பழக்கத்தில் இங்கே மகனின் அணிக்கும் ஸ்கோர் எழுத உட்கார்ந்தேன், அப்படியே ஒரு ஏரியா ஸ்கவுட்டின், அதாவது ஒரு வட்டாரம் முழுக்கத் திறமையான பையன்களைத் தேடுகிறவரின், கண்ணில் பட்டேன். அவர் ஒரு மேஜர் லீக் (பேஸ்பாலின் உச்ச மட்டம்) கிளப்புக்காக நியூ ஜெர்சியில் தொடங்கி மேலே நியூ இங்கிலாந்து வரை பார்க்க வேண்டியவர். ஒரே நாளில் ஆறு மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது ஒரு மனுஷன் என்ன செய்வார்? என்னைப் போல இரண்டு மூன்று பேரை உதவிக்கு வைத்துக்கொள்வார். சம்பளம் கிடையாது, ஒரு தொப்பியும் எப்போதாவது பெட்ரோல் காசும் உண்டு. நான் பார்த்ததை எழுதிக் கொடுப்பேன், அது அவர் ரிப்போர்ட்டில் போகும், அவர் ரிப்போர்ட்டைப் பார்த்து, அதைச் சரிபார்க்க கிராஸ்செக்கர் என்ற மேல் ஸ்கவுட் வருவார், அவருக்கும் பிடித்தால் ஸ்கவுட்டிங் டைரக்டர் வருவார்.

பையன் இடதுகை பேட்ஸ்மேன், சென்டர் ஃபீல்டில், அதாவது வெளிவட்டத்தின் நடுவில், நிற்பவன். தெற்கு ஜெர்சிப் பக்கம். அந்தப் பக்கத்தை இப்போது யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை, காரணம் மில்வில் என்ற ஊர். பிறகு பெரிய நட்சத்திரமான மைக் ட்ரவுட் 2009இல் 25ஆவது ஆளாக எடுக்கப்பட்டது அங்கிருந்துதான். குளிர் ஊர்ப் பையன், பார்த்த ஆட்டங்கள் போதாது என்று அவரை விட்ட கிளப்புகள் எத்தனை என்று இன்றும் மைதானத்தில் யாராவது ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார். அதனால் எங்கள் பையனின் முதல் ஆட்டத்திலேயே பின்வலைக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றோம்.

விதிகளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாங்கள் எடுத்த முடிவு முட்டாள்தனமாகத் தெரியும். பள்ளி முடித்தவன் டிராஃப்டுக்குத் தகுதி. எடுத்த கிளப்போடு அவன் கையெழுத்துப் போடாமல் நான்கு வருடக் கல்லூரிக்குப் போனால், மூன்றாம் வருடம் முடியும்வரை அல்லது 21 வயது ஆகும்வரை அவனை மறுபடி எடுக்க முடியாது. முதல் பத்துச் சுற்றில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மதிப்புத் தொகை உண்டு, அதையெல்லாம் கூட்டினால் வருவதுதான் அந்தக் கிளப்பின் பூல், அதாவது செலவு வரம்பு. பூலைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 75 சதவீதம் வரி, 5 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அடுத்த வருட முதல் சுற்று வாய்ப்பே போய்விடும். இன்னொன்று இருக்கிறது, அதுதான் நிஜமான பயம்: முதல் பத்துச் சுற்றில் எடுத்தவன் கையெழுத்துப் போடாவிட்டால் அவனுடைய இடத்துக்கான தொகை பூலிலிருந்தே கழிந்துவிடும். ஆக, ஆட்டம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் 'எவ்வளவு கொடுத்தால் வருவான்' என்பது. அந்தத் தொகையை எல்லாரும் வெறுமனே 'நம்பர்' என்பார்கள்.

பிப்ரவரி: வீட்டுக்குப் போனது

சீசன் தொடங்குவதற்கு முன்பே ஏரியா ஸ்கவுட் வீடுகளுக்குப் போய்விடுவார். பையன் எப்படிப்பட்டவன், அடிபட்டிருக்கிறானா, படிப்பு எப்படி, எந்தக் கல்லூரிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான் என்று விசாரித்து, கண் பார்வையைக்கூடச் சோதித்து, கடைசியில் மெதுவாக நம்பரைக் கேட்பார். இந்த வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். வியாழக்கிழமை, இரவு ஏழு மணி.

அப்பாவும் பையனும் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா நன்றாகப் பேசுகிறவர். பையன் வாக்குக் கொடுத்திருந்த தெற்கத்திக் கல்லூரியின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் கொஞ்சம் ஏறியது. அடுப்பு மேல் ஒரு தட்டு, ஃபாயில் போட்டு மூடியிருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் குத்தி ஒரு மாத அட்டவணை, அதில் பாதிக் கட்டங்களில் பச்சை மார்க்கரால் 7 முதல் 7 என்று எழுதியிருந்தது. அம்மா மருத்துவமனையில் நைட் ஷிஃப்ட், இப்போதுதான் கிளம்பினார் என்றார் அப்பா. சரி என்று விட்டுவிட்டோம்.

நம்பர் பேச்சு வந்தபோது ஏரியா ஸ்கவுட் பையனைப் பார்த்துத்தான் கேட்டார். பையன் ஃபிரிட்ஜ் பக்கம் ஒரு தடவை பார்த்தான், அப்புறம் அப்பாவைப் பார்த்தான். அப்பா சொன்னார்: "பத்து லட்சம். அதற்குக் கீழே என்றால் கல்லூரிதான்." பையன் தலையாட்டினான். அன்று இரவு ரிப்போர்ட்டில் நம்பர் என்ற கட்டத்தில் 10 லட்சம் டாலர் என்று ஏறியது.

என் நோட்டில் நான் எழுதியது வேறு: "பையன் பதில் சொல்லல." அதை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. சாட்சிக் கூண்டிலா நிற்கிறோம், ஒரு பையன் தயங்கியதையெல்லாமா எழுதுவது என்று நினைத்தேன்.

இதில் எனக்கே வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. பெண் பார்க்கப் போகிற வீட்டில் முன்னறையில் பேசுகிற மாமா சொல்வது கடைசிப் பேச்சு இல்லை என்பதும், முதலில் சொல்லும் பவுன் கணக்கு நிஜக் கணக்கு இல்லை என்பதும், அடுக்களை வாசலில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும் என்பதும் அந்த அறையில் இருந்த நாலு பேரில் எனக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டிலேயே நான் சென்னையை விட்டு வந்ததை முடிவு செய்தது அப்பா இல்லை.

ஏப்ரல், மே: மைதானத்தில் பார்த்தது

இந்தப் பக்கத்துப் பள்ளி சீசன் ஏப்ரலில் தொடங்கும், ஏழு இன்னிங்ஸ் ஆட்டங்கள், பாதி மழையில் போகும். கை விறைக்கும் குளிரில் அலுமினிய பேட்டில் உள்பக்கம் பட்டால் பையன்கள் கையை உதறிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுவார்கள்.

நான் ஐந்து ஆட்டம் பார்த்தேன். மொத்தம் 19 தடவை பேட் பிடிக்க வந்தான், அதில் 9 தடவை வாக், அதாவது அடிக்க முடியாதபடி நாலு பந்தை வெளியே போட்டு முதல் பேஸுக்கு இலவசமாக அனுப்பிவிடுவது. எதிரணிப் பயிற்சியாளர்களைக் குறை சொல்ல முடியாது, நல்ல பேட்ஸ்மேனுக்குப் பந்து போட்டுத் தோற்க அவர்கள் என்ன நேர்ந்துகொண்டா வந்திருக்கிறார்கள்? ஒரு நாள் கனெக்டிகட்டிலிருந்து மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்த வேறொரு கிளப் ஆள், ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். பள்ளி விதிப்படி நாலு பந்து போட வேண்டிய அவசியம்கூட இல்லை. எதிரணிப் பயிற்சியாளர் டக்அவுட்டிலிருந்து நாலு விரலைக் காட்டினார், பையன் பேட்டைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்தான். இதே மூன்று தடவை. அவர் ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு காபி வாங்கப் போய்விட்டார்.

ஐந்து ஆட்டத்தில் அவன் மொத்தம் 27 தடவை பேட்டைச் சுழற்றினான். ஒவ்வொன்றையும் ஸ்கோர் நோட்டின் ஓரத்தில் கோடாகப் போட்டு வைத்திருக்கிறேன். அதில் 22 வெறும் ஃபாஸ்ட்பால், அதுவும் மணிக்கு 80, 82 மைல். மேஜர் லீக்கில் சராசரி ஃபாஸ்ட்பால் 94 மைலை ஒட்டி வருகிறது. நல்ல பிரேக்கிங் பந்து, அதாவது வளைந்து வரும் பந்து, வந்தால் இவன் என்ன செய்வான் என்பதற்கு எங்களிடம் இருந்தது ஐந்தே ஐந்து ஸ்விங், அதில் மூன்று பந்தில் படாமல் வெறும் காற்றில்.

மற்றபடி நிறையப் பிடித்தது. அடித்த சத்தத்திலிருந்து கால் முதல் பேஸில் படும்வரை 4.15 வினாடி, இடதுகைக்காரனுக்கு 4.2 என்பது சராசரி. பந்தின் பின்னால் ஓடும் வழி சுத்தம், அடித்த கணத்திலேயே முதுகைத் திருப்பிவிடுவான், அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓடமாட்டான். ஸ்கவுட்டுகள் எல்லாவற்றையும் 20 முதல் 80 வரை மார்க் போடுவார்கள், 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஏரியா ஸ்கவுட் அவனுக்கு ஓட்டம் 55, எறியும் கை 55, பவர் 50, பேட்டிங் 45, மொத்தத்தில் 50 போட்டார். நான்காம் ஐந்தாம் சுற்றில் எடுக்கலாம் என்பது அதன் அர்த்தம்.

கிராஸ்செக்கர் மே மாதம் ஒரே ஒரு தடவை வந்தார். மழை. ஆட்டம் ரத்து. பள்ளியின் ஜிம்முக்குள் வலை கட்டிய கூண்டில் பையன் இருபது நிமிடம் மர பேட்டால் அடித்தான், அவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். மொத்த மார்க் 45 போட்டுவிட்டுப் போனார். பந்து பறப்பதைக்கூடப் பார்க்காமல் எப்படி என்று ஏரியா ஸ்கவுட்டுக்குக் கோபம். எனக்கென்னவோ அவர் போட்டது அநியாயமாகத் தெரியவில்லை, தெரியாததற்கு மார்க் போடச் சொன்னால் மனுஷன் குறைத்துத்தான் போடுவான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூன்றாவது ஆட்டத்திலிருந்து, வலது ஃபீல்டு வேலிக்கு வெளியே ஒரு பழைய சாம்பல் நிற கார் நிற்கும். உள்ளே நீல மருத்துவமனை உடுப்பில் ஒரு பெண்மணி, சீட்டைச் சாய்த்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிடுவார். அம்மாவாக இருக்கும் என்று நினைத்தேன். நூறு அடி நடந்து போய் ஒரு வணக்கம் சொல்லியிருக்கலாம். வேலைக்குப் போகுமுன் கொஞ்ச நேரம் நிம்மதியாகப் பார்க்கட்டுமே என்று தோன்றியதும் உண்மைதான், ஆனால் அதை இப்போது சாக்காகச் சொல்லிக்கொள்கிறேனோ என்ற சந்தேகமும் இருக்கிறது.

ஜூன்: பட்டியலிலிருந்து எடுத்த முடிவு

டிராஃப்டுக்கு முந்தைய கூட்டத்தில் நான் இல்லை, ஏரியா ஸ்கவுட் சொன்னதை வைத்து எழுதுகிறேன். சுவர் முழுக்கப் பெயர்ப்பட்டைகள், ஒவ்வொன்றிலும் மார்க்கும் நம்பரும். இந்தப் பையனை வைத்திருந்த இடத்துக்கான தொகை ஐந்து லட்சம் டாலரை ஒட்டி. அவன் நம்பர் அதுபோல இரண்டு மடங்கு. கிராஸ்செக்கர் 45, ஏரியா ஸ்கவுட் 50, பார்த்த ஸ்விங்குகள் குறைவு, கேட்கும் பணம் அதிகம். அவன் பெயர்ப்பட்டை 'கல்லூரிக்குப் போகிறவர்கள்' என்ற பக்கத்துக்கு நகர்ந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லையாம்.

கையில் இருந்த தகவலுக்கு அது சரியான முடிவு. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததை வைத்து அந்த அறையில் இருந்தவர்களைத் திட்டுவது சுலபம். பிழை அந்த அறைக்குள் நடக்கவில்லை. நான்கு மாதப் பழைய எண் ஒன்று, யார் சொன்னது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்ற எந்த விவரமும் இல்லாமல், அந்தச் சுவருக்கு வந்து சேர்ந்ததுதான் பிழை.

டிராஃப்ட் நாட்கள்

அப்போதெல்லாம் மூன்று நாள். இரண்டாம் நாள் பத்தாவது சுற்றோடு முடியும், மூன்றாம் நாள் பதினோராவதில் தொடங்கும். நடுவில் இருக்கும் அந்த ஓர் இரவுதான் தொலைபேசிகள் கொதிக்கும் நேரம். பத்துச் சுற்றுக்குப் பிறகு எடுக்கிறவன் வராமல் போனாலும் பூலிலிருந்து எதுவும் கழியாது. 2023 முதல் அவனுக்கு 1,50,000 டாலர் வரை கொடுப்பது பூல் கணக்கில் சேராது, அதற்கு முந்தைய இரண்டு வருடம் அது 1,25,000. மேலே கொடுப்பதை மட்டும், முதல் பத்துச் சுற்றில் மிச்சம் பிடித்த பணத்திலிருந்து கொடுக்கலாம். அதனால் கொஞ்சம் காசு மிச்சம் வைத்திருக்கும் கிளப்புகள், விலை அதிகம் என்று எல்லாரும் ஒதுக்கிய பள்ளிப் பையன்களை அங்கே தூக்குவார்கள்.

பதினோராவது சுற்றில் வேறொரு கிளப் அவனை எடுத்தது. நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். ஏரியா ஸ்கவுட்டிடமிருந்து ஒரு வரி செய்தி: "சும்மா எடுத்திருக்கிறார்கள், வரமாட்டான்." பத்து நாளில் கையெழுத்துப் போட்டான். போனஸ், அதாவது கையெழுத்துக்குக் கொடுக்கும் தொகை, நாலே கால் லட்சம் டாலர். நாங்கள் ஐந்தாவது சுற்றில் கொடுத்திருக்கக்கூடியதைவிடக் குறைவு.

பிறகு தெரிந்தது

அடுத்த வசந்தத்தில் அவனுடைய தம்பியின் ஆட்டத்துக்குப் போயிருந்தோம். அதே சாம்பல் நிற கார். இந்தத் தடவை ஏரியா ஸ்கவுட்டே நடந்து போனார், நானும் பின்னால் போனேன். அம்மா கதவைத் திறந்து இறங்கி, கையில் இருந்த காபியைக் கூரைமேல் வைத்துவிட்டு, எங்கள் தொப்பியைப் பார்த்தார். "நீங்கள் என்னைக் கேட்கவே இல்லையே" என்றுதான் ஆரம்பித்தார். கோபமாகச் சொல்லவில்லை.

அவர் கணக்கு இது. கல்லூரி கொடுப்பதாகச் சொன்ன ஸ்காலர்ஷிப் 40 சதவீதம்தான். அந்தக் காலத்தில் டிவிஷன் 1 என்ற மேல்மட்டத்தில் ஆடும் ஒரு கல்லூரி பேஸ்பால் அணிக்கு மொத்தமே 11.7 ஸ்காலர்ஷிப், அதைத்தான் இருபத்தைந்து பேருக்கும் மேல் பிய்த்துக் கொடுப்பார்கள், முழு ஸ்காலர்ஷிப் கிடைப்பவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவே. வெளி மாநிலக் கட்டணத்தில் மீதி 60 சதவீதம் கடன். அது யார் தலையில் விழும் என்று நைட் ஷிஃப்டில் அவர் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறார். பத்து லட்சம் என்ற எண் அவருடையதே இல்லை. கோடைகால அணியின் பயிற்சியாளர் ஒருவர் 'குறைத்துச் சொன்னால் மதிக்கமாட்டார்கள்' என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார், அப்பாவும் அதைப் பிடித்துக்கொண்டார். மகன் பெரிய கல்லூரிக்குப் போகிறான் என்று ஊரில் சொல்லியாகிவிட்டது, வேறு.

அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான், பையன் எப்போதாவது படிப்பை முடிக்க வேண்டும். அதற்கு வழி ஒப்பந்தத்திலேயே உண்டு. கையெழுத்துப் போடும்போதே இத்தனை செமஸ்டர், செமஸ்டருக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுப்பார்கள், விளையாட்டை விட்ட இரண்டு வருடத்துக்குள் படிக்கத் தொடங்கினால் கிளப் கட்டும். பிப்ரவரியில் எங்கள் ஆள் இதைச் சொன்னாரா? சொன்னார், கடைசியில் கதவருகே ஷூ போடும்போது ஒரு வாக்கியமாக, அப்பாவிடம். அந்த இன்னொரு கிளப்பின் ஸ்கவுட் ஜூன் மாதம் ஒரு காலை ஏழரை மணிக்கு, ஷிஃப்ட் முடிந்து வந்த அம்மாவை மருத்துவமனைக்குப் பக்கத்து டைனரில் சந்தித்து, முட்டையும் டோஸ்ட்டும் வருவதற்குள் நாப்கினில் எட்டு செமஸ்டர் கணக்கை எழுதிக் காட்டியிருக்கிறார். அந்த நாப்கின் இன்னும் வீட்டில் இருக்கிறதாம்.

திரும்பும் வழியில் ஏரியா ஸ்கவுட் சொன்னார், நம்பர் சரியாகத் தெரிந்திருந்தாலும் கிராஸ்செக்கரின் 45 அவனைக் கீழே இறக்கியிருக்கும், எடுத்திருக்கமாட்டோம் என்று. இருக்கலாம். ஆனால் அது பேசி எடுத்த முடிவாக இருந்திருக்கும். நாலு லட்சத்துக்கு வரக்கூடியவன் என்று தெரிந்திருந்தால் யாராவது இன்னொருவர் ஜூன் மாதக் கோடை ஆட்டத்துக்கு வந்து அந்த ஐந்து பிரேக்கிங் பந்து ஸ்விங்கைப் பதினைந்தாக ஆக்கியிருப்பார். பத்து லட்சம் என்ற எண்தான் அவனைப் பார்ப்பதையே நிறுத்தியது. இந்த இடத்தில் எனக்கும் அவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

மாற்றிக்கொண்டவை

எங்கள் இரண்டு பேர் அளவில் சில மாற்றங்கள். நம்பர் கட்டத்தில் இப்போது எண் தனியாகப் போகாது, யார் சொன்னார், எந்தத் தேதி, அப்போது வீட்டில் யார் இல்லை என்பதும் கூடவே போகும். பிப்ரவரியில் கேட்டதை மே கடைசியில் மறுபடி கேட்கிறோம், டிராஃப்டுக்கு முந்தைய வாரம் இன்னொரு தடவை. கல்லூரி ஸ்காலர்ஷிப் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறது என்றால் எத்தனை சதவீதம் என்று கேட்கிறோம், இது கேட்கச் சங்கடமான கேள்விதான், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதுபோல, ஆனாலும் கேட்கிறோம். படிப்புச் செலவு விஷயத்தை முதல் பத்து நிமிடத்திலேயே, நம்பரைப் பேசுவதற்கு முன்பு, தாளில் எழுதிக் காட்டுகிறோம். பையன் பதில் சொல்லாமல் இருந்தால் அதுவும் ரிப்போர்ட்டில் போகிறது.

வீட்டுக்குப் போகும் நேரத்தை நாங்கள் சொல்வதில்லை. எல்லாரும் எப்போது இருப்பீர்கள் என்று கேட்டு அந்த நேரத்துக்குப் போகிறோம். சென்ற வருடம் ஒரு வீட்டுக்கு ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போனோம். அப்பா ஆறு லட்சம் என்றார். உள்ளேயிருந்து வந்த அம்மா உட்கார்ந்து பதினைந்து லட்சம் என்றார், எல்லா முறையும் நமக்குச் சாதகமாக முடியாது. அந்தப் பையன் இப்போது கல்லூரியில் ஆடுகிறான், அவனை விட்டதில் எங்களுக்கு வருத்தம் இல்லை, ஏனென்றால் அது நிஜமான எண்.

நம் சென்டர் ஃபீல்டு பையன் புளோரிடாவில் பயிற்சி வளாக லீக்கில் ஒரு வருடம் ஆடிவிட்டு இப்போது சிங்கிள்-ஏ என்ற அடுத்த படியில் இருக்கிறான். ஃபீல்டிங் நாங்கள் எழுதியதைவிட நன்றாக இருக்கிறது. இடதுகைப் பந்துவீச்சாளர்களின் ஸ்லைடர் என்ற பிரேக்கிங் பந்துக்கு நிறைய அவுட் ஆகிறான், ஆக அந்த 45க்கு ஆதாரம் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று கிராஸ்செக்கர் சொல்லலாம், 19 வயசுப் பையனுக்கு இப்போதே தீர்ப்பு எழுதாதே என்று ஏரியா ஸ்கவுட்டும் சொல்லலாம். நான் தூங்கப்போகுமுன் அவன் பாக்ஸ் ஸ்கோரைப் பார்த்துவிடுகிறேன். நேற்று நாலு தடவை இறங்கி இரண்டு ஸ்டிரைக்கவுட், ஒரு டபுள், ஒரு வாக்.